சிறுநீரக மருத்துவம் படிக்க எந்த வாசல்? டர்பனிலிருந்து ஒரு கணக்கு

சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. கோயிலில் சாப்பாடு முடிந்து இலையை மடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து எதிரில் உட்கார்ந்தார். மகள் இங்கே தென்னாப்பிரிக்காவில், ஸூலுலாந்தின் வடக்கில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் கட்டாயச் சமூகப்பணி ஆண்டில் இருக்கிறாள். சிறுநீரக மருத்துவம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கும் மாமா, “இங்கே வந்துவிடு, ஏழே வருடத்தில் கன்சல்டன்ட்” என்கிறாராம். அப்பாவுக்கோ பெண் டர்பனை விட்டு நகரக்கூடாது. “நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் டாக்டர்” என்றார் அம்மா.

ஒரு வார்த்தையில் முடிகிற சங்கதி இல்லை இது. அதே மாதம் இன்னும் இரண்டு இளையவர்கள் இதையே கேட்டார்கள். ஒருவர் இன்டர்ன், மற்றவர் பயிற்சி இடம் கிடைக்காமல் மூன்றாம் ஆண்டாக மெடிக்கல் ஆபீசராகவே இருப்பவர். மூவருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து டர்பனில் நரைத்தவன். டயாலிசிஸ் இயந்திரங்களுக்கு நடுவே இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆகவே எனக்கென்று ஒரு சாய்வு உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

## எதை வைத்து அளப்பது?

கேட்க வருகிறவர்கள் எல்லோரும் இரண்டே அளவுகோல்களோடு வருகிறார்கள்: எத்தனை வருடம், எவ்வளவு சம்பளம். இரண்டும் நியாயமானவைதான். ஆனால் வழிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வருடக் கணக்கில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. சம்பளம், எந்த வழியில் போனாலும், பட்டினி போடாது. நான் வேறு ஐந்தைக் கேட்பேன்.

முதலாவது, பதவி. படிப்பு இருக்கிறதா என்பதல்ல கேள்வி. நிதி ஒதுக்கிய பயிற்சி இடம் இருக்கிறதா என்பதுதான். தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு பயிற்சி இடத்துக்கும் மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்த எண் ஒன்று உண்டு. எண் இருக்கும், பணம் இருக்காது. மாகாணம் பதவிகளை முடக்கி வைத்திருக்கும் ஆண்டில் எவ்வளவு கெட்டிக்காரர் வந்து நின்றாலும் கதவு திறக்காது.

இரண்டாவது, கை. பயிற்சி முடியும்போது உங்கள் கைக்கு என்ன தெரிந்திருக்கும்? கழுத்து இரத்த நாளத்தில் குழாய் போடுவது, சிறுநீரகத்திலிருந்து பயாப்சி எடுப்பது, வயிற்று வழி டயாலிசிஸ் தொடங்குவது, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரை முதல் வாரத்தில் பார்த்துக்கொள்வது. இந்த நான்கில் எதை நீங்களே செய்திருப்பீர்கள், எதை வேறொருவர் செய்ய எட்டிப் பார்த்திருப்பீர்கள்?

மூன்றாவது, திரும்பும் வழி. வெளியே போனவர் வீடு திரும்ப நினைத்தால் எந்தக் கதவு பூட்டியிருக்கும்?

நான்காவது, வீடு. திருமணம், பிள்ளைப்பேறு, வயதான பெற்றோர். பயிற்சி முடியும்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பீர்கள் என்பதை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதை நான் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. எனக்கு அதுவே முதன்மையானது: யாருக்கு டயாலிசிஸ் கிடையாது என்று தீர்மானிக்கும் மேசையில் உங்களால் எத்தனை ஆண்டு உட்கார முடியும்?

## அந்த மேசை

தியாகராஜ் சுப்பிரமணி என்ற பெயரை உலகம் முழுக்கச் சட்டம் படிக்கும் மாணவர்கள் அறிவார்கள். டர்பன்காரர், நாற்பத்தொரு வயது. நீரிழிவு, இதய நோய், முன்பே ஒரு பக்கவாதம். 1996இல் இரு சிறுநீரகமும் செயலிழந்தன. தனியார் சிகிச்சைக்குக் கையில் இருந்த பணம் தீர்ந்த பிறகு அடிங்டன் அரசு மருத்துவமனையை நாடினார். அங்கே இருந்தவை இருபது டயாலிசிஸ் இயந்திரங்கள். மாற்றுச் சிறுநீரகம் பெறத் தகுதியுள்ளவருக்கே நீண்டகால டயாலிசிஸ் என்பது விதி. இதய நோயால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 1997 நவம்பர் 27 அன்று தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. சில நாட்களில் இறந்துபோனார். அவசரச் சிகிச்சை யாருக்கும் மறுக்கப்படக்கூடாது என்ற அரசியலமைப்புப் பிரிவு, ஆயுள் முழுக்கத் தொடரவேண்டிய டயாலிசிஸுக்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம்.

கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. மேசை இன்னும் இருக்கிறது. மேற்குக் கேப் மாகாணம் 2010இல் யாருக்கு முன்னுரிமை என்று எழுத்திலேயே வகைப்படுத்தி வெளியிட்டது. நாட்டின் சிறுநீரகப் பதிவேட்டுக் கணக்கின்படி 2015இல், சிறுநீரகத்துக்கு மாற்றாக டயாலிசிஸோ மாற்று உறுப்போ பெற்று வாழ்ந்தவர்கள், பத்து லட்சம் பேருக்கு அரசுத் துறையில் ஏறத்தாழ 70 பேர். தனியார் காப்பீடு உள்ளவர்களிடையே ஏறத்தாழ 800 பேர். நாட்டில் காப்பீடு இருப்பது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு.

நான் பயிற்சியில் இருந்த காலம். வியாழக்கிழமை பிற்பகல், நீள மேசை, ஆறிப்போன தேநீர். மருத்துவர்கள், மூத்த செவிலி, சமூகநலப் பணியாளர், உணவு ஆலோசகர். அன்று காலியானது ஒரே ஒரு இடம், கோப்புகள் ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கச் சுருக்கம்: வயது, சர்க்கரை, இதயம், வீட்டில் குழாய்த் தண்ணீர் உண்டா, மருத்துவமனைக்கு எத்தனை கிலோமீட்டர், கூட வர ஆள் உண்டா. கடைசி வரியைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். ஆள் இல்லாதவனுக்கு அந்த வரி ஒரு தண்டனை.

ஐந்து பேருக்கு இல்லை என்று முடிவாயிற்று. அதைப் போய்ச் சொல்வது பெரியவர்களின் வேலை அல்ல. பயிற்சியில் இருக்கும் இளையவன் வேலை. ஐவரில் ஒருவரின் தாய் தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இந்த ஊரில் அந்தத் தலைமுறையிடம்தான் இன்னும் கொஞ்சம் தமிழ் மிச்சமிருக்கிறது. நான் சொல்லி முடித்ததும் கண்ணாடிக் கதவு வழியே உள்ளே பார்த்துவிட்டு, “அந்த மூலையில் ஒரு மிஷின் சும்மாதானே நிற்கிறது, தம்பி?” என்றார்.

நின்றது உண்மை. அதை ஓட்டப் பயிற்சி பெற்ற செவிலி இல்லாததால் நின்றது. அதை அவரிடம் விளக்கினேன். விளக்கியதற்காக இன்றுவரை வருந்துகிறேன். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கலாம்.

கீழே வரும் நான்கு வழிகளிலும் இந்த மேசை வேறு வேறு உருவில் வரும். எங்கேயும் முழுவதும் தப்ப முடியாது.

## ஒரே பார்வையில்

| வழி | சமூகப்பணி ஆண்டுக்குப் பின் | பெரிய தடை | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|
| இங்கேயே, பெரியவர்களுக்கான சிறுநீரக மருத்துவம் | 7 முதல் 9 ஆண்டு | நிதியுள்ள ரெஜிஸ்ட்ரார் (நிபுணர் பயிற்சி) இடம் | எம்.மெட் (முதுநிலைப் பட்ட) ஆய்வேடு, வியாழக்கிழமைகள் |
| இங்கேயே, குழந்தைகள் சிறுநீரக மருத்துவம் | 7 முதல் 9 ஆண்டு | விரல்விட்டு எண்ணும் இடங்கள் | வாழ்நாள் முழுக்க இரவு அழைப்பு |
| பிரிட்டன் | 8 முதல் 10 ஆண்டு | போட்டி, விசா | திரும்பும்போது மறு மதிப்பீடு |
| பொது மருத்துவ நிபுணராக நின்றுவிடுவது | 5 முதல் 7 ஆண்டு | ரெஜிஸ்ட்ரார் இடம் | பட்டம் இல்லாத பொறுப்பு |

பள்ளி முடித்துப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆறு ஆண்டு, பின் இரண்டு ஆண்டு இன்டர்ன், ஓர் ஆண்டு சமூகப்பணி. இந்த ஒன்பதும் எல்லோருக்கும் பொது. அட்டவணை அதன் பிறகுதான் தொடங்குகிறது.

## முதல் வழி: இங்கேயே, பெரியவர்களுக்கான சிறுநீரக மருத்துவம்

பாதை நேரானது, ஆனால் நீளம். பொது மருத்துவத்தில் நான்கு ஆண்டு ரெஜிஸ்ட்ரார். அதற்குள் தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகள் நடத்தும் எஃப்.சி.பி என்ற பொது மருத்துவ நிபுணர் தேர்வின் இரண்டு பகுதிகள், கூடவே எம்.மெட் ஆய்வேடு. 2011 முதல் ஆய்வேடு இல்லாமல் நிபுணராகப் பதிவு செய்ய முடியாது. அதன்பின் சிறுநீரகப் பிரிவில் இரண்டு ஆண்டு, இறுதியில் சிறுநீரகவியல் சான்றிதழ்த் தேர்வு.

பதவி என்ற அளவுகோலில் இந்த வழி தள்ளாடுகிறது. முதல் பகுதித் தேர்வைப் பதவி கிடைக்கும் முன்பே எழுதித் தேறியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எழுதாமல் நேர்காணலுக்குப் போவது வெறுங்கையோடு கல்யாண வீட்டுக்குப் போவது போல. எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஆய்வேட்டை ‘கடைசி வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைத்தான். எல்லாத் தேர்வும் தேறிய பிறகு, நெறிமுறைக் குழுவின் ஒரு கையெழுத்துக்காகப் பத்து மாதம் காத்துக்கிடந்தான். இரண்டாம் ஆண்டிலேயே தலைப்பையும் தரவையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கை என்ற அளவுகோலில் இதற்கு இணை இல்லை. எச்.ஐ.வி கிருமியே சிறுநீரகத்தைத் தாக்கும் நோயையும், காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் திடீரென்று சிறுநீரை நிறுத்திவிடுவதையும், எச்.ஐ.விக்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை மெல்ல மெல்ல வேலையைக் காட்டுவதையும் ஒரே வாரத்தில் ஒரே வார்டில் பார்க்கலாம். எச்.ஐ.வி உள்ள கொடையாளரின் சிறுநீரகத்தை எச்.ஐ.வி உள்ள நோயாளிக்கே பொருத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனை. 2008இல் எல்மி முல்லர் என்ற அறுவை மருத்துவர் தொடங்கியது அது. இல்லாமையிலிருந்து பிறந்த யோசனை. இயந்திரம் போதுமான நாட்டில் யாருக்கும் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொன்றையும் இங்கேதான் கற்கிறோம்: தண்ணீர். ஒரு நான்கு மணி நேர டயாலிசிஸுக்குச் சுத்திகரித்த தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 120 லிட்டர் வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் குழாய்கள் உடைந்தபோது, லாரித் தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று நானே சோதனைக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். புத்தகத்தில் அது ஒரு பத்தி. அன்றைக்கு அது பதினான்கு உயிர். வயிற்று வழி டயாலிசிஸுக்கு இயந்திரமோ மின்சாரமோ வேண்டாம். ஆனால் இரண்டு லிட்டர்ப் பை நாளுக்கு நான்கு என்றால் மாதத்துக்கு 240 கிலோ திரவம் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். மலைச்சரிவில் தகரக் குடிசையில் இருப்பவர் அதை எங்கே அடுக்குவார் என்று யோசிக்கக் கற்றுக்கொண்டவரே என் கணக்கில் சிறுநீரக மருத்துவர்.

குறை, மாற்றுச் சிறுநீரக அனுபவம். இறந்தவர் உறுப்புக் கொடை இந்த நாட்டில் மிகக் குறைவு. ஆகவே அறுவைக்குப் பின் முதல் வாரக் கவனிப்பை எண்ணிக்கையில் அதிகம் பார்க்க முடியாது.

மேசை? வாரா வாரம். இரண்டு ஆண்டும் நீங்கள் அதில் இருப்பீர்கள். முடித்த பிறகு தனியாருக்குப் போய்விடலாம் என்பார்கள். போகலாம், டயாலிசிஸ் காப்பீட்டுச் சட்டத்தின் கட்டாயப் பயன்களில் வருவதால் அங்கே வருமானம் நிலையானது. எல்லோருக்கும் அரசே காப்பீடு என்னும் தேசிய உடல்நலக் காப்பீட்டுச் சட்டம் 2024 மேயில் கையெழுத்தாகியிருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தால் தனியார் துறை எந்த உருவில் இருக்கும் என்று இன்று கணக்குப் போட்டு வாழ்க்கையை அமைப்பது சூதாட்டம்.

இந்த வழி யாருக்கு: இந்த மண்ணிலேயே வேலை செய்யப்போகிறவருக்கு. பதவிக்காக இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்கும் பொறுமை உள்ளவருக்கு. தூக்கமில்லாத வியாழக்கிழமை இரவைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் ஒருவர் இருப்பவருக்கு.

## இரண்டாம் வழி: குழந்தைகள்

இதே நீளம்தான், பொது மருத்துவத்துக்குப் பதில் குழந்தை மருத்துவ நிபுணத் தேர்வு, பிறகு குழந்தைகள் சிறுநீரகச் சான்றிதழ். குழந்தை நலப் பட்டயத்தை மெடிக்கல் ஆபீசராக இருக்கும்போதே முடித்துவிடுவது நல்ல தொடக்கம்.

டர்பனுக்கு இந்தத் துறையில் ஒரு பெருமை உண்டு, நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. 1970களில் ஹூசேன் கூவாடியாவும் மிரியம் அதிகாரியும் இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனித்து எழுதினார்கள். சிறுநீரில் புரதம் கொட்டி முகம் வீங்கும் நோய் வந்த இந்திய வம்சாவளிக் குழந்தைகள் பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரையில் தேறிவிட்டன. அதே நோய் வந்த ஆப்பிரிக்கக் குழந்தைகள் பலவற்றுக்கு அந்த மருந்து பலிக்கவில்லை. ஒரே வார்டு, ஒரே வீக்கம், வேறு வேறு சிறுநீரகக் காயம். ஆப்பிரிக்கக் குழந்தைகள் பலருக்குப் பின்னால் இருந்தது ஹெபடைடிஸ் பி கிருமி. 1995இல் அதற்கான தடுப்பூசி தேசிய அட்டவணையில் சேர்ந்தது. அந்தக் கிருமியால் வரும் சிறுநீரக நோய் குழந்தைகளிடையே சரிந்தது. ஒரு ஊசி, ஒரு வார்டையே காலி செய்தது. மேசையில் உட்கார்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பதைவிட மேசையே வேண்டாமல் செய்வது எத்தனை மேல்!

பயிற்சிக்கு கேப் டவுனின் செஞ்சிலுவைப் போர் நினைவுக் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் வருகிறார்கள். கைப்பழக்கம் சிறப்பாக அமையும். ஆனால் பயிற்சி இடங்கள் அரிது. முடித்த பிறகு வேலை செய்யும் இடங்கள் அதைவிட அரிது: பெரிய நகரம், பல்கலைக்கழக மருத்துவமனை, ஒருவரோ இருவரோ இருக்கும் பிரிவு. தனியாரில் முழுநேரப் பிழைப்பு எளிதல்ல. ஊரில் நீங்கள் ஒருவரே என்றால் விடுமுறைக்குப் போன இடத்திலும் தொலைபேசி அடிக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள தாயோ தந்தையோ இதை முன்பே வீட்டில் பேசிவிடவேண்டும்.

மேசை இங்கே சற்று இரக்கத்தோடு நடக்கும் என்று நினைப்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் பல அரசு மருத்துவமனைகளில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குழந்தைகள் பிரிவு முடிந்துவிடுகிறது. எட்டு ஆண்டு நீங்கள் வளர்த்த பிள்ளை ஒரு நாள் பெரியவர்கள் பிரிவின் கோப்பாக மாறி வேறொருவர் மேசைக்குப் போகும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது தனி வேதனை என்று இந்தத் துறைத் தோழி ஒருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

## மூன்றாம் வழி: பிரிட்டன்

லெஸ்டர் மாமாவின் கணக்குக்கு வருவோம். ஏழு ஆண்டு என்கிறார். உள்மருத்துவப் பயிற்சி மூன்று, சிறுநீரக மருத்துவம் நான்கு, கூட்டினால் ஏழுதான். விட்டுப்போனவை: பதிவுக்கான தேர்வு, எம்.ஆர்.சி.பி என்ற பொது மருத்துவத் தேர்வின் மூன்று பகுதிகள், முதல் வேலை கிடைக்கும் வரையிலான மாதங்கள், மூன்றாம் ஆண்டு முடிந்து நான்காம் ஆண்டு இடத்துக்கான போட்டி. எட்டிலிருந்து பத்து என்று எழுதிக்கொள்ளுங்கள். அங்கே படித்து வெளிவரும் சொந்த மாணவர்களுக்கே முதலிடம் என்ற குரல் ஆண்டுக்கு ஆண்டு வலுக்கிறது. மாமா போன காலத்துக் கதவு அல்ல இன்றைய கதவு.

எம்.ஆர்.சி.பியை முழுவதும் தேறினால் அதைக் கொண்டே அங்கே பதிவு செய்யலாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பதிவுத் தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டிய பிறகு வந்து சொல்கிறார்கள்.

அங்கே கிடைப்பது: மாற்றுச் சிறுநீரகம், எண்ணிக்கையிலும் ஒழுங்கிலும். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகள். எழுத்தில் இருக்கும் பயிற்சித் திட்டம், ஆண்டுதோறும் மதிப்பீடு. பதவி முடங்குமோ என்ற அச்சம் பயிற்சிக்குள் நுழைந்தபின் இல்லை. கிடைக்காதது: எச்.ஐ.வி சிறுநீரகம், காசநோய், தாமதமாக வந்து சேரும் நோயாளி என்று நம் வார்டை நிரப்பும் எல்லாம். சிறுநீரகப் பயிற்சி அங்கே பொது மருத்துவத்தோடு இணைந்தது. நான்கு ஆண்டிலும் அவசரப் பிரிவில் நெஞ்சுவலியும் நிமோனியாவும் பார்க்கும் இரவுப் பணி உங்கள் தலையில் விழும். சிறுநீரகம் மட்டும் என்று கனவோடு போனவர்கள் முகம் சுண்டிப்போய்ப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

திரும்பும் வழியில்தான் முள். அங்கே பெற்ற நிபுணர் பட்டம் இங்கே தானாக ஏற்கப்படாது. கவுன்சில் மதிப்பீடு செய்யும். அதைவிடப் பெரிய பிழை வேறு: இன்டர்ன் முடிந்ததும், சமூகப்பணி ஆண்டைச் செய்யாமல் விமானம் ஏறுவது. அந்த ஓர் ஆண்டு இல்லாமல் இங்கே சுயேச்சையாக மருத்துவம் பார்க்கப் பதிவு கிடையாது. நாற்பது வயதில், தலைநரைத்த நிபுணராகத் திரும்பி வந்து கிராம மருத்துவமனையில் அந்த ஓராண்டைத் தொடங்க யாருக்கு மனம் வரும்? கேள்வி கேட்ட இன்டர்ன் தம்பிக்கு இந்த ஒரு வரிக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

மேசை அங்கே இல்லையா? இயந்திரத்துக்காக வரிசை இல்லை, உண்மை. ஆனால் எண்பத்தைந்து வயதுப் பாட்டியிடம், டயாலிசிஸ் உங்களுக்கு ஆயுளைக் கூட்டுமோ இல்லையோ, மருத்துவமனை நாட்களைக் கூட்டும் என்று உண்மையைச் சொல்லி, வேண்டாம் என்று அவரே தீர்மானிக்க உதவுவது அங்கே அன்றாட வேலை. முடிவு நோயாளியின் கையில் இருக்கிறது. அதனால் நிம்மதியாகத் தூங்கலாம். இதைச் சிறிய விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

இது யாருக்கு: துணைவர் அங்கே இருப்பவருக்கு, மாற்றுச் சிறுநீரகத்திலேயே வாழ்நாளைச் செலவிட நினைப்பவருக்கு, திரும்பி வரும் எண்ணம் இல்லை என்று தனக்குத்தானே பொய் சொல்லாமல் ஒப்புக்கொள்பவருக்கு.

இந்தியாவைப் பற்றியும் கேட்கிறார்கள். 1971இல் வேலூரில் நடந்த மாற்றுச் சிறுநீரக அறுவை முதல் இன்றைய தமிழ்நாட்டு உறுப்புக் கொடைத் திட்டம் வரை அங்கே கற்க ஏராளம் உண்டு, மொழியும் நமது. ஆனால் எம்.டி மூன்று, டி.எம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் தேசிய நுழைவுத் தேர்வு, வெளிநாட்டுக் குடிமக்களுக்கு மிகக் குறைந்த இடம், முடித்து வந்தாலும் இங்கே தானாகப் பதிவு இல்லை. மூன்று மாதம் பார்வையாளராகப் போய்வாருங்கள். பட்டத்துக்காகப் போகவேண்டாம்.

## நான்காம் வழி: பொது மருத்துவ நிபுணராக நின்றுவிடுவது

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காததால்தான் எழுதுகிறேன். எஃப்.சி.பி முடித்து, சான்றிதழ்ப் படிப்புக்குப் போகாமல், ஒரு பிராந்திய மருத்துவமனையில் சிறுநீரகத்தில் ஆர்வமுள்ள நிபுணராக அமர்வது.

டர்பன் மேசைக்கு வரும் கோப்புகளில் பாதியை மாவட்டத்திலேயே நிறுத்தியிருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். பத்தாண்டாகக் கட்டுப்படாத இரத்த அழுத்தம். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கித் தின்ற மாத்திரை. வயிற்றுப்போக்கில் வறண்ட உடம்புக்கு இரண்டு நாள் தாமதமாக ஏற்றிய சலைன். திடீரென்று பழுதான சிறுநீரகம் பலருக்குச் சில நாள் கவனிப்பில் தானே மீண்டுவிடும். அந்தச் சில நாளைத் தாண்ட வைக்கத் தெரிந்த ஒருவர் அந்த ஊரில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். பயிற்சி இரண்டு ஆண்டு குறைவு. வீடு மலிவு. பிள்ளைகள் உங்களைத் தினமும் பார்ப்பார்கள்.

செலவு என்ன? பயாப்சி எடுக்க அனுமதியும் துணையும் இருக்காது. டயாலிசிஸ் பிரிவு இருந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும், பெயர் விழாது. மேசையின் மறுமுனையில் நீங்கள் நிற்பீர்கள்: நோயாளிக்காகத் தொலைபேசியில் மன்றாடிவிட்டு, இல்லை என்ற பதிலோடு கட்டிலருகே திரும்பி நடப்பவர் நீங்கள்தான். எங்களுக்காவது ஒரு குழு இருக்கிறது, கூட உட்கார எட்டுப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு யாரும் இல்லை.

மூன்றாண்டாகக் காத்திருக்கும் அந்த மெடிக்கல் ஆபீசருக்கு இதைத்தான் யோசிக்கச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. ‘பாதிப் படிப்பா அங்கிள்?’ என்றார். அப்படி இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

## அந்த அம்மாவின் மகளுக்கு

என் சாய்வு முதல் வழி. ஆனால் இன்றே அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டேன். சமூகப்பணி ஆண்டை முடிக்கட்டும். அடுத்த ஓர் ஆண்டு ஏதாவது ஒரு சிறுநீரகப் பிரிவில் மெடிக்கல் ஆபீசராக இருக்கட்டும், எஃப்.சி.பி முதல் பகுதியை அந்த ஆண்டிலேயே எழுதட்டும். தேறினால் இங்கே வரிசையில் முன்னால் நிற்பாள். அந்த ஓர் ஆண்டில், குழாய் போடப் பிடிக்கிறதா என்பதைவிட, தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கையில் ஃபிஸ்டுலாவோடு (டயாலிசிஸுக்காக இணைத்துத் தைத்த இரத்தக் குழாய்) வந்து ‘காவடி எடுக்கலாமா?’ என்று கேட்கும் நோயாளியிடம் பத்து நிமிடம் பொறுமையாகப் பேசப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். இந்தத் துறையில் ஒரே முகத்தை வாரத்துக்கு மூன்று முறை, பத்து ஆண்டுக்குப் பார்க்கவேண்டும். அது பிடிக்காதவர்கள் இதய மருத்துவத்துக்குப் போகலாம். அங்கே குழாய்கள் இன்னும் அழகானவை.

அதன் பிறகும் லெஸ்டர்தான் என்றால் போகட்டும். பதிவு கையில் இருக்கும், திரும்ப முடியும்.

எந்த நாட்டில், எந்தப் பிரிவில் நேர்காணலுக்குப் போனாலும் தலைமை மருத்துவரிடம் மூன்றைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பதவிக்கான சம்பளம் எந்த ஆண்டு வரை உறுதி? இங்கே பயாப்சி எடுப்பது நாங்களா, கதிரியக்கப் பிரிவா? தேர்வுக் குழுவில் பயிற்சியாளருக்கு ஒரு வாக்கு உண்டா, அல்லது தாழ்வாரத்துக்குப் போய்ச் சொல்லும் வேலை மட்டும்தானா?